நான் பாதி சொன்ன செய்தி

என் ஆராய்ச்சிக்கு நுணா இலை பறித்துக் கொடுத்தது பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காதான். நான் அப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லை வேலியோரம் நின்ற நாலு மரங்களில் பறித்து, நிழலில் உலர்த்தி, பையில் கட்டி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவாள். வெயிலில் போடாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். சொன்னது பிசகாமல் செய்தாள்.

ஒரு நாள் சோதனை நன்றாக வந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மேல் முந்தின நாள் இலைச்சாற்றை விட்டிருந்தேன். பார்த்தால் பாதிக்குமேல் செத்துக் கிடந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.

"உன் எல கேன்சரக் கொல்லுதுக்கா!"

நாக்கில் சனி. "தட்டில்" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கக் கூடாதா?

அதற்குப்பின் பை இளைத்துக்கொண்டே வந்தது. கேட்டால், "மழ இல்லடி, கொழுந்தே காணோம்" என்பாள். நம்பினேன்.

ஆறேழு மாதம் கழித்து, சிறுவாச்சூர் கோயிலுக்குச் சேர்ந்து போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புடவை மாற்றும்போது பார்த்துவிட்டேன். இடது மார்பு கல்போல இறுகி, தோல் உள்ளே இழுத்திருந்தது.

"என்னக்கா இது?"

"கத்தாத. உங்க மாமாவுக்கே தெரியாது. மொதல்ல கொட்டப்பாக்கு அளவு கட்டியாத்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் மருந்து குடிக்கிறேன்ல."

அடுக்களையில் காட்டினாள். டப்பா நிறைய நுணா இலைத் தூள். நான் சொல்லிக்கொடுத்த அதே பக்குவம்: நிழலில் உலர்த்தி, அரைத்து, சலித்தது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கஷாயம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவலியாக்கா?"

"கெளம்பி, பொடவகூட எடுத்து வச்சிட்டேன். அப்பதான் நீ போன் பண்ணுன. சாமியே உன் வாயில வந்து சொன்ன மாரி இருந்துச்சு."

கோயிலாவது ஒன்றாவது! அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் விளக்கினேன். தட்டில் சாவது வேறு, உடம்பில் சாவது வேறு. அந்தத் தட்டில் டெட்டாலை ஊற்றினாலும் செல்கள் செத்துப்போகும். மனுஷருக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்.

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அரியலூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"அப்ப எதுக்குடி எனக்கு போன் பண்ணுன?"