தள்ளிப்போட்ட கன்ட்ரோலர்

என் மருமகளுக்கு ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கிக் கொடுக்க எனக்கு அரை வருடம் பிடித்தது. கட்டுப்படியாகும் விலையில் எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருப்பதாக எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். எதை வாங்க வேண்டும் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

என் மகன் கோவில்பட்டியில் ஒலி ஒளி அமைப்பு நடத்திவந்தான். கோவில் கொடை விழா, கல்யாணம், பெண் பெரியவளான சடங்கு வீடு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவன் செட்டு போகும். ஒரு கொடை முடிந்து திரும்பும்போது கயத்தாறுக்குப் பக்கத்தில் அவன் வேனில் லாரி மோதியது. டிரைவர் பிழைத்துக்கொண்டார். மகன் பிழைக்கவில்லை. அவன் மடியில் வைத்திருந்த கன்ட்ரோலரும் நொறுங்கிப் போனது. ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயர்களும் வேறு வண்டியில் வந்ததால் தப்பின.

மருமகள் ஒரு வருடம் வாசலுக்கே அதிகம் வரவில்லை. பிறகு ஒரு தை மாதம் ஷெட்டைத் திறந்து ஸ்பீக்கர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்குச் செட்டு வேலை புதிதல்ல. எங்கள் பக்கத்துச் சடங்கு வீடுகளில் தாய்மாமன் சீர் கொண்டுவரும்போது, மாமன் பெயரும் ஊர்ப் பெயரும் பெண்ணின் பெயரும் வருகிற மாதிரி ஒரு பாட்டு ஓட வேண்டும். அந்தப் பாட்டுகளை மகன் இருந்த காலத்திலேயே லேப்டாப்பில் உட்கார்ந்து செய்தவள் அவள்தான். வாசித்தவன் அவன் என்பதால் ஊர் அவனைப் பாராட்டியது.

அவள் என்னிடம் வந்து நின்று கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மாமா, பங்குனில கொடை ஆரம்பிச்சிரும். ஒரு கன்ட்ரோலர் மட்டும் இருந்தா செட்டை நானே கொண்டுட்டுப் போயிருவேன். டிரைவர் அண்ணாச்சி வாரேன்னு சொல்லுதாவ. நீங்க படிச்சுப் பாத்து நல்லதா ஒண்ணு சொல்லுங்க. ரொம்ப விலையா வேண்டாம்."

செட்டு அந்த வருடமும் வெளியே போகாவிட்டால் ஊர்க் கமிட்டிகள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு அவள் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கும் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிச் சாமான்களைப் பற்றிப் படிப்பது எனக்குப் பிடிக்கும். கன்ட்ரோலர் தானாக ஒரு சத்தமும் போடாது. பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருக்கும். நாம் சக்கரத்தைத் திருப்பினால், பட்டனை அமுக்கினால், இதைச் செய் என்று லேப்டாப்புக்குச் சேதி போகும், அவ்வளவுதான். விலை குறைந்தவற்றில் சிலதில் சவுண்ட் கார்டு கிடையாது. ஹெட்போனைச் செருக இடம் இருக்காது. அடுத்த பாட்டை ஊருக்குக் கேட்காமல் தான் மட்டும் கேட்டுப் பார்க்க முடியாவிட்டால் அது மேடைக்கு ஆகாது. கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறுகிற ஊர்களுக்கு லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு சக்கரம், நடுவில் சின்ன மிக்ஸர், ஹெட்போன் துளை, கூடவே வருகிற இலவச மென்பொருள். இவ்வளவும் உள்ள ஒன்று எங்களால் வாங்கக்கூடிய விலையில் இருந்தது. முதல் வாரத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஆனால் சொல்லவில்லை.

அவளிடம் போய், இதில் சக்கரம் சின்னதாக இருக்கிறது, கை பழகாது என்றேன். அவள், பரவாயில்லை மாமா, பழகிக்கிடுவேன் என்றாள். அடுத்த வாரம், நம் பக்கத்துக் கரிசல் தூசி அந்த ஸ்லைடர்களுக்குள் போனால் ஒரே சீசனில் கரகரக்கும், இன்னும் உறுதியானது பார்ப்போம் என்றேன். துணி போட்டு மூடிக்கிடலாம் என்றாள். பாட்டு செய்யவும் வாசிக்கவும் ஒரே மெஷின் கிடைத்தால் லாபம்தானே என்று புதிதாக ஒரு தேடலை ஆரம்பித்தேன். இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற மெஷின் அந்த விலையில் கிடையாது என்று தெரிந்தேதான் ஆரம்பித்தேன். அது முடிந்ததும், புது மாடல் வரப்போகிறது, பழையது விலை இறங்கும் என்றேன். பங்குனி போயிற்று. சித்திரை போயிற்று. கொடைக்குக் கேட்டுவந்த போன்களுக்கு அவள், மெஷின் இன்னும் வரலண்ணாச்சி என்று பதில் சொல்வது என் அறைவரை கேட்கும்.

என் மனைவிக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க மிஷினா பாக்குதீங்க? ஊரு வாயைப் பாக்குதீங்க."

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். விஷயம் தெரியாமல் பேசாதே என்றேன். அவள் சொன்னதுதான் விஷயம். புருஷனை இழந்தவள் கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் மேடையோரம் நின்று மங்கள காரியத்துக்குப் பாட்டுப் போடுவதா? யாராவது ஒருத்தர் முகம் சுளித்தால்? இந்த நினைப்பு எனக்கு வந்ததே எனக்கு வெட்கமாக இருந்தது. மறுமணத்தை ஆதரித்து வகுப்பில் பேசியவன் நான். அதனால் அந்த நினைப்பை வெளியே சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து அகற்றவும் முடியவில்லை. சக்கரத்தின் அளவையும் தூசியையும் பேசிக்கொண்டிருந்தேன்.

வைகாசி கடைசியில் குளத்தூர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மகளுக்குச் சடங்கு. என் மகன் இருந்த காலத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெயர் போட்ட பாட்டு செய்தது என் மருமகள்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீதான் வர வேண்டும் என்றார். மருமகள் என் முகத்தைப் பார்க்காமலேயே சரியென்று சொல்லிவிட்டாள்.

நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். அவள் வெறும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கீபோர்டிலும் மவுஸிலும் பாட்டை மாற்றினாள். அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வழியில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஏறுவதற்குள் ஒரு வெற்றிடம் விழுந்தது. சமாளித்துக்கொண்டே வந்தாள். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு பந்தலுக்குள் நுழைகிற சமயத்தில் லேப்டாப் திணறி நின்றது. ஆடிவந்த பையன்கள் தூக்கிய கையோடு நின்றார்கள்.

"ஏலே, மாமன் நடந்து வாரதுக்குள்ள பாட்டு பஸ் ஏறி வந்துரும், நில்லு," என்று ஒருவன் சொல்ல, பந்தலே சிரித்தது. மாமனும் சிரித்தார். என் மருமகளின் கழுத்தில் வியர்வை வழிந்தது. பாட்டு வந்ததும் அவர் பெயர் மூன்று முறை கேட்டது. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார். அந்த நிசப்தத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதற்குக் காரணமானவன் நான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

அதைவிடப் பெரியது பிறகு நடந்தது. நலங்கு வைக்கும் நேரம் பெண்ணின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் பக்கம் வந்தார். மருமகள் சட்டென்று ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"எங்கன போயி ஒளியுத? நீயும் வந்து பிள்ளைக்குச் சந்தனம் வையி."

மருமகள் என்னைப் பார்த்தாள். போம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையையாவது அசைத்திருக்கலாம். நான் கீழே கிடந்த வயரை ஒதுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"கையெல்லாம் கிரீஸா இருக்குக்கா," என்றாள். அவள் கையில் ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் விளாத்திகுளத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். வண்டியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நானே ஆரம்பித்தேன். எந்த மெஷினை வாங்குவது என்பது தையிலேயே தெரியும், ஊருக்குப் பயந்து மறைத்தேன் என்று சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மாமா."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீங்க தூசின்னு சொன்னீங்கள்லா, அப்பவே. அவிய இருந்தப்போ அதே தூசிலதான வாசிச்சாவ." என் பக்கம் திரும்பினாள். "நீ போறது எனக்குப் பிடிக்கலன்னு நீங்க வாய்விட்டுச் சொல்லியிருந்தா உங்ககூடச் சண்டை போட்டிருப்பேன். அத்தையும் என் பக்கந்தான் பேசியிருப்பாவ. நீங்க சக்கரம் சின்னதுங்கீங்க. சக்கரத்தோட நான் எப்படி மாமா சண்டை போட?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டிரைவர் டீயோடு வருவதற்குள், தையில் பார்த்து வைத்திருந்த அதே மெஷினைப் போனில் ஆர்டர் செய்தேன். சரியாக இருக்கிறதா என்று அவளிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்.

மெஷின் வந்தபோது சீசன் முடிந்துவிட்டது. ஓட்டப்பிடாரம் பக்கத்தில் என் மகன் வருடா வருடம் போன இரண்டு ஊர்களும் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வேறு செட்டுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து உறுதி செய்துவிட்டன. அந்த ஊர்கள் இன்றுவரை திரும்பி வரவில்லை. மற்ற ஊர்களில் பாதி வந்தன. செட்டு ஓடுகிறது. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மகன் இருந்தபோது நடந்த அளவுக்கு நடக்கவில்லை. அந்தக் குறைவில் ஒரு பங்கு விபத்தினால் வந்தது. ஒரு பங்கு என்னால் வந்தது.

போன ஆவணியில் ஒரு பெரியவர் என் போனுக்கே கூப்பிட்டார். வீட்டில் கல்யாணம், செட்டு வேண்டும் என்றார். கொஞ்சம் இழுத்துவிட்டு, "பாட்டு போட வேற ஆம்பளையாள் யாராவது இருந்தா அனுப்புங்க சார். மங்கள காரியம்லா, தப்பா எடுத்துக்கிடாதீங்க," என்றார்.

நான் பயந்த வார்த்தை கடைசியில் வந்தேவிட்டது. மருமகள் முற்றத்தில் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் போனை அவளிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி. நான் வந்தாத்தான் செட்டு வரும். வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றுவதைத் தொடர்ந்தாள். அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

சாப்பிடும்போது என் மனைவி, போனை அவ கையில கொடுத்தது மரியாதையா, பயமா என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். மருமகள் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.