நாலு மணி ஷிப்டும் சேற்றில் சிக்கிய படகும்

1979 மே மாதம். கல்யாணமாகி நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் கணவரின் அக்கா நெய்வேலியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருந்தார். படகில் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். கணவருக்கு அன்று மில்லில் நாலு மணி ஷிப்டு. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி. அதற்குள் ஒருநாள் மட்டம் போட்டாலும் பெயரை அடித்துவிடுவார்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று தைரியமாகத்தான் கிளம்பினார்.

அரியாங்குப்பம் ஆற்றில் தெரிந்தவர் ஒருவரின் படகு. நான் படகில் ஏறியதே அன்றுதான் முதல் தடவை. அப்பப்பா, அந்த அழகை என்னவென்று சொல்ல! இரண்டு பக்கமும் தண்ணீருக்குள்ளேயே வேர்விட்ட புதர்கள், அதன்மேல் வெள்ளை வெளேரென்று கொக்குகள். கடல் தண்ணீர் வடியும் நேரமாகிறது, திரும்பலாம் என்று படகுக்காரர் இரண்டு தடவை சொன்னார். நாத்தனார்தான் இன்னும் ஒரே ஒரு வாய்க்கால் என்றார். பழியை அவர்மேல் மட்டும் போடக் கூடாது; எனக்கும் ஆசைதான், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குறுகலான வாய்க்காலில் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் மளமளவென்று வடிந்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கழியை ஊன்றினால் கழிதான் உள்ளே போகிறது. மணி இரண்டு. இப்போது விட்டால் தண்ணீர் திரும்ப ஏறும்வரை நகர முடியாது, இருட்டிவிடும் என்று படகுக்காரர் கையை விரித்தார். கணவர் முகத்தில் ஈயாடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தவர் முழங்கால்வரை புதைந்து, காலை உருவ முடியாமல் குப்புற விழுந்தார். மூன்று பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் படகில் போட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் விழுப்புரம் பக்கம் நடவு நட்டு வளர்ந்தவள். "சேத்துல கெடந்த பொண்ணு" என்று நாத்தனார் என் காதுபடவே பேசுவார். வெட்கப்பட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் கேட்டால் வீட்டோடு இருந்தேன் என்று பொய் சொல்லிவந்தேன்.

அன்று எனக்கு என்ன வேகம் வந்ததோ, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். கணவர் பதறினார்.

"கயித்த எங்கிட்ட குடுங்க. யாரும் ஆடாம உக்காருங்க" என்றேன்.

சேற்றில் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும். குதிகாலை முதலில் தளர்த்தி, பாதத்தைச் சாய்த்து உருவி, சட்டென்று அடுத்த அடி வைத்துவிட வேண்டும். படகுக்காரர் பின்னால் இறங்கித் தள்ள, நான் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தேன். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு சாண். அப்புறம் ஒரு முழம். படகு பெரிய ஆற்றில் இறங்கி மிதந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

தொடைவரை சேற்றோடு ஏறி உட்கார்ந்தேன். நாத்தனார் கைநிறையத் தண்ணீரை அள்ளி என் காலைக் கழுவ ஆரம்பித்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை.

"சும்மா இரு. நீ மட்டும் எறங்கலன்னா எந்தம்பி வேலை இன்னிக்கோட போச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கரை தட்டியதும் கணவர் சைக்கிளில் பறந்தார். நாலு மணிச் சங்கு ஊதும்போது மில்லுக்குள் இருந்தாராம். இரண்டு நாளில் வேலையும் நிரந்தரமானது. புகுந்த வீட்டுக்கு நகைநட்டு எதுவும் கொண்டுவராதவள் நான். ஆனால் சேற்றில் உழைத்துப் பழகிய இந்த உடம்பைவிடப் பெரிய சீதனம் எவளும் கொண்டுவந்திருக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், அதில் இன்றுவரை எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.