ஜிம்மிக்கு ஒதுக்கிய எலும்பு

ஒரகடத்தில் கார் விளக்குக் கண்ணாடியில் கீறல் தேடுவது என் வேலை. கண்ணை இமைக்கவே யோசிக்க வேண்டிய பிழைப்பில் அழுவதற்கு எங்கே போவது? வீட்டில் ஒரு ஜீவனைச் செல்லமாய் வளர்த்து, திடீரென்று பறிகொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பியவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஜிம்மி காலையில் ஸ்டாப் வரை வந்து என்னைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட்டான். சாயங்காலம் நான் இறங்கும்போது அவன் இல்லை. கொல்லையில் பாம்பு கடித்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டதாம். எனக்கு நெஞ்சே வெடித்துவிடும்போல இருந்தது. அதைவிட, "நாய்க்காகவா அழுவுற?" என்று கம்பெனியில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்டால் தாங்கியிருக்க மாட்டேன்.

காய்ச்சல்

சூப்பர்வைசர் மதுரைக்காரர், கறார் பேர்வழி. லீவு கேட்டுப் போன் போட்டேன். யாருக்கு என்ன ஆச்சு என்றார். தயங்கித் தயங்கி, எங்கள் நாய் செத்துவிட்டது என்றேன். சிரிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நாய்க்கு லீவு போட வழியில்லம்மா. உனக்குக் காய்ச்சல்னு போட்டுக்கிறேன், நாளைக்கு வீட்ல இரு."

ஹாரன்

எங்கள் ஊர் வளைவில் டிரைவர் அண்ணன் இரண்டு ஹாரன் அடிப்பார். எனக்கில்லை, ஜிம்மிக்கு. எங்கே இருந்தாலும் ஓடிவந்து ஸ்டாப்பில் நிற்பான். காய்ச்சல் முடிந்து நான் தனியாகப் பஸ் ஏறிய காலையிலேயே அண்ணனுக்கு விஷயம் தெரியும். அன்று சாயங்காலமும் வளைவில் ஹாரன் அடித்தது. நான் இறங்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கை தானா பூட்ச்சிம்மா. தப்பா நெனச்சிக்காத."

க்ளவுஸ்

லைனில் க்ளவுஸ் போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது. கண்ணில் தண்ணீர் முட்டினால் முட்டியபடியே நிற்க வேண்டியதுதான். அப்படி நின்றதில், பளிச்சென்று கீறல் விழுந்த கண்ணாடி ஒன்றை நல்லது என்று தள்ளிவிட்டேன். அடுத்து நிற்கும் செல்வி அக்கா அதைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தாள். இதற்காக யாரிடமும் போய் வத்தி வைக்கிறவள் இல்லை.

"நீ இந்தாண்ட வந்து ஸ்டிக்கர் ஒட்டு. அதுக்குக் கண்ணு அவ்ளோ வேணாம்."

எலும்பு

புதன்கிழமை கேன்டீனில் சிக்கன். எங்கள் மேஜையில் எல்லாரும் எலும்பை ஒதுக்கி என் டப்பாவில் போடுவார்கள். ஜிம்மிக்குப் புதன்தான் தீபாவளி. அந்தப் புதன் நான் டப்பாவே கொண்டுபோகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் எலும்பு சேர்ந்துகொண்டே வந்தது. ஒருத்தி அதைத் தூக்கி என் பக்கம் நீட்டிவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதேன். நான் பயந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் செல்வி அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

"நீ மட்டுந்தான் வளத்தேன்னு நெனச்சிகினியா? நாங்களுந்தான்டி வளத்தோம்."

வீட்டு விஷயத்தை மெயின் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்லும் கம்பெனிக்குள் எங்கள் ஜிம்மி எப்போதோ வந்து சேர்ந்துவிட்டதை, கீறல் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கும் நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.