நாலு பல்லும் ஒரு கலண்டர் தாளும்

சின்னத்தம்பி மரக்கட்டையில் கன்னத்தை அழுத்தியபடி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம். வலது கன்னம் சொல்வதை இடது கன்னமும் சொன்னால்தான் ஒப்புக்கொள்வார். கட்டையை அறுத்துக் கொடுத்த மில்காரர், "ஹொந்தட்ட வேலிலா", நன்றாகக் காய்ந்துவிட்டது என்று சிங்களத்தில் மூன்று முறை சத்தியம் செய்திருந்தார். "ஒரு தடவ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்கிறார் இவர். ஒரு தடவை சொன்ன யாரையும் இவர் நம்பியதாக மஸ்கெலியாவில் எவருக்கும் ஞாபகமில்லை.

ஹட்டன் பஸ்ஸில் ஏறினால், பலகையை வாசித்த பிறகும் கண்டக்டரிடம் ஒருமுறை, டிரைவரிடம் ஒருமுறை "ஹட்டனுக்குத்தானே?" என்று கேட்பார். அதே மனிதர் ரேடியோவில் மழை இல்லை என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போய், தொப்பலாக நனைந்து திரும்புவார்.

தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது தோட்டத் தொழிலாளர் லயத்தில் தன் காம்பராவின் பின்னால், தகரக் கொட்டிலில், லேத்தில் மரக் கிண்ணம் கடைகிறார். கூரைத் தகரத்தில் உட்பக்கமிருந்து விழுந்த பெரிய குழி ஒன்று இருக்கிறது. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கிலிருந்து நான்கு வருடத்துக்கு முன் கழன்ற கிண்ணம், இவருடைய இடது புருவத்தைக் கிழித்துவிட்டு அங்கே போய் மோதியது. அன்று காலைப் பனிமூட்டத்தில் கட்டையை இறுக்கிவிட்டு, பத்து மணித் தேத்தண்ணிக்குப் போனார். வெயில் வந்தது, பனியில் ஊறியிருந்த மரம் சுருங்கியது, திரும்பி வந்தவர் மறுபடி இறுக்காமல் சுவிட்சைப் போட்டார். குழியைத் தட்டி நிமிர்த்த விடுவதில்லை. "இருக்கட்டும், சாட்சி."

இன்றைய கட்டை பள்ளிக்கூட வாசலில் காற்றுக்கு விழுந்த மரத்தினுடையது. வெடிப்பில்லாமல் மிஞ்சியது இந்த ஒரு துண்டுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்த யசோதினி டீச்சருக்கு நாளை பிரியாவிடை. பிள்ளைகளின் பெற்றோர் கொடுக்கப்போகும் கிண்ணம் இதிலிருந்துதான் வரவேண்டும். கட்டை பறந்தால் இன்னொன்று கிடையாது. இன்னொரு புருவம் இருக்கிறது.

இப்போதெல்லாம் கட்டையைச் சக்கில் பூட்டுவது மனைவி ஜீவராணி. சோதிப்பது இவர்.

"ரெண்டு பக்கமும் சாவி போட்டுத் திருகுனியா?"

"திருகியாச்சு."

"காலு குழிக்குள்ள தரைய தொடுதா?" கால் என்பது கட்டையின் அடியில், சக்கின் நாலு இரும்புப் பல்லும் கவ்வுவதற்காகச் செதுக்கிய வட்டம்; குழி, பல்லுகளுக்கு நடுவே உள்ள பள்ளம்; தோள், காலைச் சுற்றிய விளிம்பு.

"தொடல. தோளு நாலு பல்லு மேலயும் ஒக்காந்திருக்கு. ஒங்க தாள விட்டுப் பாருங்க."

நாள்கலண்டரிலிருந்து கிழித்த கீற்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கட்டையின் தோளுக்கும் இரும்புப் பல்லுக்கும் நடுவே செருகப் பார்த்தார்; நுழைந்தால் பிடி சரியில்லை. நாலு இடத்திலும் நுழையவில்லை. முகம் இருண்டது.

"எப்புடி மொதத் தடவயே இவ்ளோ சரியா இருக்கு?"

"சரியா இருந்தாலும் குத்தமா?"

"தப்பு இருந்தா தெரிஞ்சிரும் ராணி. இதான் பயமா இருக்கு."

கழற்றினார். ஊதினார். சுவேட்டர் கையால் நாலு பல்லையும் துடைத்தார். தானே பூட்டி, மூச்சுப் பிடித்துத் திருகி, சக்கின் சாவியை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

"நில்லுங்க." ஜீவராணி கீற்றை வாங்கினார். முதல் பல்லில் நுழையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வழுக்கிக்கொண்டு பாதி தூரம் போனது. "இது என்னாங்க?"

சின்னத்தம்பி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பல்லைத் தளர்த்தியதும் நகத்துண்டு அளவு மரச்சீவல் ஒன்று விழுந்தது. அதேபோல் இன்னும் ஆறேழு சுவேட்டர் கையில் ஒட்டியிருந்தன. "ஊரெல்லாம் கள்ளனத் தேடுறீங்க. அவன் ஒங்க கையிலயே தொங்குறான்."

ஜீவராணி மறுபடி பூட்டினார். தாள் எங்கும் நுழையவில்லை. லேத்தின் எதிர்முனையை நகர்த்திக் கட்டைக்கு முட்டுக்கொடுத்தார், கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கணவரைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். மெதுவான வேகத்தில் சுவிட்சைப் போட்டார். கட்டை நடுங்காமல் சுழன்றது. உளி பட்டதும் சிவந்த சீவல் நீளமாக இறங்கியது.

சின்னத்தம்பி அதைப் பார்க்கவில்லை. தாள் தடிப்பாக இருப்பதால்தான் நுழையவில்லையோ என்று, வாசல் வெளிச்சத்தில் கீற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரில் இன்றைய தாளைப் பிடித்து, எது மெல்லிசு என்று அதையும் தேய்த்துப் பார்த்தார்.