பிசேரின் தலையசைப்பு

எங்கள் லோம் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித்தரும் நெவ்யானா கோயெவாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வெங்காயம். மரியாதை தெரிந்தவர்கள் வெங்காய டீச்சர் என்பார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துண்டு வெங்காயம் கொடுத்து, உள்மடிப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்தோலைக் கிழியாமல் உரிக்கச் சொல்வாள். அதைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். அந்த வாரம் முழுக்க மாடி வராந்தாவில் வெங்காய வாடை அடிக்கும்.

"உன் பாடம் முடிஞ்சாலே எனக்குப் பசிக்குது. அடுத்த வருஷம் தக்காளியையும் கீறச் சொல்லு, சாலட்டே பண்ணிடலாம்" என்பாள் பக்கத்து அறையில் வேதியியல் நடத்தும் ஸ்திராவ்கா.

நெவ்யானா மார்க் போடுவதில் கறார். பாடப்புத்தகத்துப் படத்தைப் பார்த்து, செல்லுக்குள் இருக்கிறதையெல்லாம் கலர் பென்சிலால் வரைந்து வைக்கிற பிள்ளைகளிடம் அவளுக்கு ஆகாது. "இந்த மைக்ரோஸ்கோப்புல இது தெரியாது. தெரியாததை எப்படி வரைஞ்சே? பார்த்ததைப் போடு, நினைச்சதைப் போடாதே" என்று சிவப்பு மையால் அடித்துவிடுவாள். செல் சுவரும், நடுவில் அயோடின் பிடித்து மஞ்சளாக நிற்கும் உட்கருவும் போதும். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. தலைநகர் சோபியாவில் படித்தாள். ஆற்றுச் சிப்பிகளை ஆராய்ச்சி பண்ண வேண்டும் என்று ஆசை இருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வருஷத்துக்காக ஊருக்கு வந்தாள், பள்ளிக்கூடத்தில் வேலை காலியாக இருந்தது. அந்த வருஷம்தான் ஆய்வக மேஜைகளுக்கு டைல்ஸ் ஒட்ட பிசேர் கோயெவ் வந்தான். முழங்காலில் ரப்பர் பட்டை, காதில் பென்சில், வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டு. ஒரு மத்தியானம் மைக்ரோஸ்கோப்பில் வெங்காயத்தோல் இருந்தது. பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுக் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதை ஒட்டின ஆள் யாருங்க?" என்றான்.

"எதை?"

"வரிசை வரிசையா ஒட்டியிருக்கே. கோடு கொஞ்சம் கோணல். ஆனா எங்கேயும் சந்து விடல. என்னைவிட நல்ல கை."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் கல்யாணம். யாவோர் என்று ஒரு மகன் பிறந்தான், வளர்ந்தான், சோபியாவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். அதற்கு முன்பே ஊரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடி, வீட்டுக்குப் புது டைல்ஸ் போடுகிற ஆட்களே இல்லாமல் போனார்கள். பிசேர் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்துக்குக் கிளம்பினான். ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஆகஸ்டில் மூன்று வாரம், புத்தாண்டுக்கு ஒரு வாரம் வருவான்.

அவன் குறட்டைக்கு ஏங்கினாள் என்று சொன்னால் அது பொய். ஆனால் குறட்டை இல்லாத வீட்டில் குழாய் சொட்டுவது கேட்டது. வாரத்துக்கு ஒரு ரொட்டி வாங்கினால் பாதி காய்ந்து போயிற்று. "நெவா" என்று கூப்பிட ஊரில் வேறு ஆள் இல்லை. மற்ற எல்லோருக்கும் அவள் டீச்சர், கோயெவா, வெங்காயம். ஆற்றங்கரையில் ஜோடியாக நடக்கிற வயசானவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. அதிலும் சண்டை போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக.

இந்த ஆகஸ்டில் கேட்டுவிடுவது என்று வைத்திருந்தாள்.

ஆகஸ்டு கடைசியில் எங்கள் ஊரில் எல்லா முற்றத்திலும் மிளகாய் சுடுவார்கள். நீளமான, தடித்த, காரமில்லாத சிவப்பு மிளகாய். தோல் கருகும்வரை தகர அடுப்பில் சுட்டு, ஆறவைத்து, உரித்து, குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைப்பார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிசேர் சுட்டான், நெவ்யானா உரித்தாள். விரல் முழுக்கக் கரி.

"பிசேர்."

"ம்."

"போதும்னு தோணலையா உனக்கு?"

"இன்னும் ஒரு மூட்டை கிடக்கே."

"மிளகாயைச் சொல்லல. மான்ஹைமைச் சொல்றேன். இந்தத் தடவை போகாம இங்கேயே இருந்துடுறியா?"

கையில் இருந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். அவனைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. பதில் வராததால் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் தலை மேலும் கீழும் அசைந்தது. பிறகு எழுந்து அடுப்பை நோக்கிப் போனான்.

எங்கள் நாட்டில் ஆமாம் என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். மேலும் கீழும் அசைத்தால் இல்லை என்று அர்த்தம். கூடவே நாக்கால் "ச்சு" என்று ஒரு சத்தமும் வரும். அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினாள். அடுப்பு மூடி தகரத்தில் மோதிய சத்தம்தான் கேட்டது. போதும், புரிந்துவிட்டது என்று நினைத்தாள். மறுபடி கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மீதி மிளகாயையும் உரித்து முடித்தாள்.

மறுநாள் அவன் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, பெட்டியில் அடுக்கினாள். அவன் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது பெட்டி வாசலருகே நின்றது.

"சனிக்கிழமைதானே பஸ்?" என்றான்.

"வியாழக்கிழமையே இடம் இருக்காம். கேட்டு வெச்சுட்டேன். சனிக்கிழமை கூட்டமா இருக்கும்."

"ஓ."

பெட்டியின் கைப்பிடியைக் கட்டைவிரலால் துடைத்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"மிளகாய்த் தொக்கு வெச்சிருக்கியா?"

"ஆறு புட்டி."

"அவ்வளவா?"

"குளிர்காலம் நீளம்" என்றாள்.

வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனான். ஜன்னல் வழியாகக் கைகாட்டினான். அவளும் கைகாட்டினாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சு சுருங்கிப் போயிற்று. அங்கே மழையா, இங்கே மழை, யாவோர் பேசினானா, பேசினான். போனை வைத்த பிறகு இன்னும் ஏதோ சொல்ல இருந்த மாதிரி கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருப்பாள்.

அக்டோபர் வந்தது. வெங்காயமும் வந்தது.

ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். பெயர் தியோதோரா. ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்தவள். அப்பா அம்மா கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். தோலை மற்ற எல்லோரையும்விட மெல்லிசாக உரித்திருந்தாள். நெவ்யானாவுக்கு அதிலேயே அவளைப் பிடித்துவிட்டது.

"உட்கரு தெரியுதா?"

தியோதோரா கண்ணை எடுத்துவிட்டுத் தலையை மேலும் கீழும் அசைத்தாள்.

"தெரியலையா? இரு." நெவ்யானா மைக்ரோஸ்கோப்பின் திருகைக் கொஞ்சம் திருப்பினாள். "இப்போ?"

மறுபடி மேலும் கீழும்.

நெவ்யானா லென்ஸைக் கழற்றித் துடைத்தாள், இன்னொரு சொட்டு அயோடின் விட்டாள், வெளிச்சத்தைச் சரிசெய்தாள். தானே குனிந்து பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு அழகாக இருக்காது.

"இப்பவுமா தெரியல?"

அந்தப் பெண் இன்னும் வேகமாக மேலும் கீழும் ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், அவ ஜெர்மன்ல பாக்குறா" என்றான் பின்வரிசை மிலாதின். "அங்கே வெங்காயம்கூட ஒழுங்கா வரிசையில நின்னாத்தான் உட்கரு குடுப்பாங்க."

வகுப்பே சிரித்தது.

"தெரியுதுன்னுதான் டீச்சர் சொல்றேன்" என்றாள் தியோதோரா. "மொதல்லேருந்தே தெரியுது. எனக்கு மறந்து மறந்து போகுது. அங்கே இதுதான் ஆமா."

நெவ்யானா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்காக டீச்சர் நிற்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

"உங்க வீட்டுலயும் இப்படித்தானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்பா ரெண்டு விதமாவும் ஆட்டுவார், டீச்சர். ஒரு நாளைக்கு அப்படி, ஒரு நாளைக்கு இப்படி. வாயைத் திறந்து சொல்லுய்யான்னு அம்மா கத்துவாங்க."

"அப்போ எது ஆமா, எது இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்தா தெரிஞ்சிடுமே" என்றாள் அந்தப் பெண், இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்பது போல.

பிசேரின் முகத்தை அன்று நெவ்யானா பார்க்கவில்லை. கரி படிந்த மிளகாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரக்கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தலை அசைந்தது மட்டும்தான். இல்லை என்பது அவளாக வரைந்து சேர்த்தது.

மணி அடித்ததும் நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள். ஸ்திராவ்கா பனீட்சா தின்றுகொண்டிருந்தாள். பாலாடைக்கட்டி வைத்த அந்த ரொட்டியின் பொருக்கு மடியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. நெவ்யானா நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். மிளகாய், தலை, பெட்டி, வியாழக்கிழமை பஸ்.

ஸ்திராவ்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"பன்னெண்டு வருஷமா ஒரு மனுஷன் ஜெர்மன்காரங்களுக்குத் தலையாட்டிக்கிட்டு இருக்கான். கழுத்து எந்தப் பக்கம் திரும்பிப்போச்சுன்னு உனக்கு இப்பத்தான் உறைக்குதாக்கும். உயிரியல் டீச்சர் நீயா நானா?"

"ஒருவேளை அது நம்ம ஊர் தலையாட்டலாவே இருந்திருந்தா?"

"போன் போட்டுக் கேளு."

"வேலை நேரம்."

"அப்பக் கேக்காதே. புத்தாண்டு வரைக்கும் வெங்காயத்தை உரிச்சுக்கிட்டு இரு. அழுதாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

நெவ்யானா ஆய்வகத்துக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலை நாளில் அவனை அவள் கூப்பிட்டதே இல்லை. போன் எடுக்கப்பட்டபோது பின்னணியில் டைல்ஸ் அறுக்கும் மெஷின் கிறீச்சிட்டது.

"யாவோருக்கு என்ன ஆச்சு?" என்றான் பிசேர்.

"ஒண்ணும் ஆகல. எல்லாரும் நல்லா இருக்கோம். உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆகஸ்டுல, மிளகாய் சுடும்போது நான் ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

மெஷின் நின்றது.

"இருக்கு."

"நீ தலையாட்டினே. மேலும் கீழும்."

"ஆட்டினேனா?"

"அது எந்த ஊர்த் தலை, பிசேர்?"

அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "எனக்கு எப்படி நெவா தெரியும்? அது பாட்டுக்கு ஆடுது. இங்கே மேஸ்திரிக்கு நாள் முழுக்க ஆட்டறேன். வீட்டுக்கு வந்தா மாத்தி ஆட்டணும்னு யாரு நெனப்பு வெச்சுக்கறா?"

"சரி, தலையை விடு. மனசுல என்ன இருந்தது?"

யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இருந்துடலாம்னுதான் இருந்தது. சந்தையில நம்ம கொத்தனார் கிரிலைப் பாத்து, வேலை ஏதாவது இருக்கான்னு கூடக் கேட்டேன். வீட்டுக்கு வந்தா நீ பெட்டியைக் கட்டி வாசல்ல நிறுத்தியிருக்கே."

"நீ இல்லன்னு சொன்னதா நெனச்சேன்."

"நான் உன் மனசு மாறிடுச்சுன்னு நெனச்சேன். அவசரத்துல கேட்டுட்டா, அப்புறம் ராத்திரி யோசிச்சிருக்கா, நான் இல்லாமலே அவளுக்குப் பழகிடுச்சு போலன்னு. ஆறு புட்டி வேற."

நெவ்யானா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேஜையின் வெள்ளை டைல்ஸில் ஒரு காய்ந்த அயோடின் கறை இருந்தது. அதை விரலால் தேய்த்தாள்.

"என்னன்னு கேட்டிருக்கக் கூடாதா நீ?" என்றாள்.

"நீ கேட்டிருக்கக் கூடாதா?"

"நான்தான் ஒரு தடவை கேட்டேனே. இப்ப ரெண்டாவது தடவை கேக்கறேன். வந்துடுறியா?"

"செப்டம்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன், நெவா. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒண்ணு. எல்லா மாடியும் நாங்கதான். ரெண்டு வருஷம் இழுக்கும்."

"போட்ட கையெழுத்தைத் திரும்ப எடுக்க முடியாதா?"

அவன் காலடியில் டைல்ஸ் துண்டு நெறிபடும் சத்தம் கேட்டது.

"பிசேர், தலையை ஆட்டாதே. இங்கேருந்து எனக்குத் தெரியல."

"ஆட்டல. யோசிக்கிறேன்."

மணி அடித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணி அடித்த பிறகு வகுப்புக்கு வெளியே ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். இன்று உள்ளங்கையைக் காட்டி அவர்களை வராந்தாவிலேயே நிறுத்தினாள். முன்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். பின்னால் இருந்து "என்னடா, என்ன?" என்று யாரோ இடித்தார்கள்.

போனில் ஒருவன் ஜெர்மன் மொழியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவனும் அதே மொழியில் ஏதோ சொன்னான். அந்தக் குரல் போய்விட்டது. பிசேர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"யோசி. நான் போனை வெக்க மாட்டேன்."