மாட்டட்டும்னு விட்ட கேஜ்

பொறாமைன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமில்லை. அந்தப் பொண்ணைப் பார்த்தாலே எனக்கு வயித்தெரிச்சல்தான்.

ஓசூர் தொழிற்பேட்டையில வண்டி பிரேக்குக்குப் பார்ட்ஸ் செய்யற கம்பெனி எங்களோடது. பதினோரு வருஷமா அங்க நான் குவாலிட்டி செக்கிங். எங்க சூப்பர்வைசர் ரிட்டையர் ஆகப்போறார், அந்த இடம் எனக்குத்தான்னு லைன்ல எல்லாருமே பேசிக்கிட்டாங்க. நானும் வீட்ல சொல்லிட்டேன். அப்பத்தான் பர்கூர்ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு அவ வந்து சேர்ந்தா.

மிஷின்ல நிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு வீட்டுல தெலுங்கு, மீதியில பலருக்குக் கன்னடம். நான் தமிழ்ல கத்திக் கத்தித்தான் வேலை வாங்குவேன். இவ என்ன பண்ணா, ஒவ்வொரு மிஷின்கிட்டயும் நல்ல பீஸ் போட்டோ ஒண்ணு, கெட்ட பீஸ் போட்டோ ஒண்ணு ஒட்டி, கீழே மூணு பாஷையிலயும் எழுதி வெச்சா. சாயங்காலமானா நிரம்பி வழியற ரிஜெக்ட் டப்பாவுல இப்ப அடி தெரியுது. மேனேஜர் அவ போட்டோவை நோட்டீஸ் போர்டுல மாட்டிட்டார். அடேங்கப்பா, நேத்து வந்தவளுக்கு! இதுல "அக்கா, சாப்டீங்களா?"ன்னு என்னைத் தேடி வந்து வேற கேட்பா. கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்திருக்கும்.

ஒரு நாள் அவ லீவு. அவ லைனைப் பார்க்க என்னை அனுப்பினாங்க. பீஸ்ல இருக்கற ஓட்டையோட அளவைப் பார்க்க ஒரு கேஜ் உண்டு, உருண்டைக் கம்பி மாதிரி. அளவு சரின்னா உள்ளே போகும், ஓட்டை சின்னதா இருந்தா நின்னுடும். விட்டுப் பார்த்தேன், நோகாம வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. கை சொல்லிடுச்சு, கேஜ் தேஞ்சு போச்சு. இதை வெச்சுப் பார்த்தா சின்ன ஓட்டையும் ஓகேன்னு வெளியே போயிடும். கேஜை மறுபடி சோதிக்கணும்னு மேல ஒட்டியிருந்த தேதியும் தாண்டியிருந்தது. அதைப் பார்க்க வேண்டியது அவ பொறுப்பு.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லலை. மாட்டட்டும்னு எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன். அன்னிக்கு மத்தியானம் சோறு எனக்கு நல்லாவே இறங்குச்சு.

பத்து நாள்ல கஸ்டமர்கிட்டேயிருந்து லோடு திரும்பி வந்துடுச்சு. ஓட்டையில மாட்ட வேண்டிய பின் உள்ளே நுழையலையாம். மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். அவ அழுவா, யார் மேலயாவது பழி போடுவான்னு காத்துக்கிட்டிருந்தேன்.

"தேதி பார்க்காதது என் தப்பு சார். இனிமே தினமும் முதல் வேலையா கேஜைத்தான் பார்க்கணும்"னு சொல்லி, எப்படிப் பார்க்கறதுன்னு எழுதிக் கொண்டுவந்த பேப்பரை நீட்டினா.

அவர் படிச்சுட்டு என் பக்கம் திரும்பினார். "நடுவுல ஒரு நாள் நீங்க அந்த லைன்ல இருந்தீங்களேம்மா. உங்களுக்குத் தெரியலையா?"

தெரிஞ்சதுன்னு சொன்னா, ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்பார்.

"தெரியலை சார்."

"அக்கா ஒரு நாள்தானே சார் இருந்தாங்க"ன்னா அவ, எனக்குப் பரிஞ்சுக்கிட்டு.

அடுத்த வாரமே அவளை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. கேஜ் தேஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எங்க எல்லாருக்கும் வகுப்பு எடுத்தா. மத்தவங்களுக்கு ஒரு தடவை. எனக்கு மட்டும் பக்கத்துல உட்கார்ந்து, என் கையைப் பிடிச்சு, பொறுமையா இன்னொரு தடவை.

"இப்பப் புரியுதாக்கா?"

புரியுதுன்னு தலையாட்டினேன்.