சிவப்பு டேக் கட்டிய படம்

பழைய சாப்பாட்டுப் பையைக் கிழித்து அடுப்படித் துணியாக்கிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து எடுத்தேன். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. இரும்பு துருப்பிடிக்காமலிருக்கப் பூசுகிற எண்ணெயின் வாசனை. இப்போதைய வேப்பம்பட்டு வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, பத்து வருடத்துக்கு முந்தைய கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே கையை விட்டேன். ஒரு பச்சை டேக். உள்ளங்கையளவு அட்டை, ஓரத்தில் ஓட்டை, ஓட்டையில் நூல். அதைப் பார்த்ததும் சாம்பாரை மறந்துவிட்டேன். அது அடிப்பிடித்தது தனிக்கதை.

டேக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பீஸைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்து, அளந்து, சரியாக இருந்தால் பச்சை டேக். சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள். தேறவே தேறாது என்றால் சிவப்பு. என்ன குறை, எந்த இடத்தில் என்று எழுத வேண்டும். கீழே, பீஸைப் பார்த்தவரின் கையெழுத்தும், ஆளுக்கு ஒன்றாகக் கம்பெனி கொடுத்திருக்கிற டோக்கன் நம்பரும் வேண்டும். அதோடு விடமாட்டார்கள். இன்னொருத்தர் அதே பீஸைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்தைப் போட்டால்தான் டேக் செல்லும். பார்க்காமல் போடுவது எங்கள் லைனில் திருட்டுக்குச் சமம்.

எனக்கு இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவள் தில்ஷாத். பழவேற்காட்டுப் பெண். துணி வியாபாரக் குடும்பம். அண்ணன்கள் கடையில் உட்கார்ந்திருக்க, இவள் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, ரயிலேறி கம்பெனிக்கு வருவாள். வயதில் என்னைவிட மூன்று வருடம் சின்னவள், வாயில் என்னைவிட ரொம்பப் பெரியவள். நான் மீஞ்சூரிலேயே ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பேன். பொன்னேரியில் ஏறியதும் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனையை என் வலது காதில் செருகிவிடுவாள். இன்னொரு முனை அவளுடைய இடது காதில், அவள் மடியில் போனில் படம். நடுவில் ஒரே வயர். ரயில் குலுங்கினால் ஒருத்திக்கு வசனம் போய்விடும்.

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சுமார் இருபத்தைந்து நிமிடம். ஆகவே எந்தப் படமும் எங்களுக்கு நாலு பாகம். காலையில் ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று இரண்டு நாளில் முடியும். தனியாகப் பார்க்கக்கூடாது என்பது ஒப்பந்தம். பெரிய நடிகர்களின் படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும், டேட்டாவையும் குடிக்கும். சின்னப் படங்கள்தான் ஒன்றரை மணி நேரத்தில் முடியும், இலவசமாகவும் கிடைக்கும். ரசனை உயர்ந்து அந்தப் பக்கம் போனோம் என்று நினைத்துவிடாதீர்கள். டேட்டா தீர்ந்து போனோம். போன இடத்தில் பிடித்துப்போய்விட்டது.

ஒரு நாள் அச்சு சாய்ந்துபோன ஒரு கட்டு டேக்கை ஸ்கிராப்பில் போட்டிருந்தார்கள். தில்ஷாத் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாடி பண்ணப் போற?”

“படத்துக்குப் போடலாம்க்கா. பாத்துட்டு சும்மா எறங்கிப் போய்க்கினே இருக்கோமே, நல்லாவா இருக்கு?”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு படத்துக்கு மஞ்சள் டேக்: ‘குறை: அம்மா ரொம்ப அழுகிறாள். இடம்: மூன்றாம் பாகம், கவரைப்பேட்டை தாண்டி.’ கம்பெனி வேலையில் என்ன அக்கறையோ அதே அக்கறை. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல்.

அந்த எண்ணெய் கையில் ஏறினால் சீக்கிரம் போகாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டு முழங்கை வரை தேய்ப்போம். தேய்த்த பிறகும் தயிர்சாதத்தில் லேசாக அந்த வாசனை இருக்கும். அதனால்தான் இன்றைக்கும் தொழிலாளி வருகிற படமென்றால் நான் முதலில் கவனிப்பது, அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிடுகிறாரா என்பதை. போன மாதம் பார்த்த ஒரு படம், எல்லோரும் கொண்டாடுகிறார்கள், கதாநாயகன் கிரீஸ் கையோடு சோற்றில் கை வைக்கிறான். பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டுமாம். எந்த மெக்கானிக் அப்படிச் சாப்பிடுவான்? மஞ்சள்.

ஆர்.கே.பேட்டை பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்திருக்கிறது. எழுபது நிமிடத்தில் பாட்டு இல்லை, வயலின் இல்லை, கத்தி படுகிற சத்தம்தான். நடுவில் ஒரு பெண் கேமராவைப் பார்த்து, “நீ இன்னும் போகலியா?” என்கிறாள். அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பச்சை, இரண்டு கையாலும். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம் மண் மூடிப்போவதைப் பற்றி இன்னொன்று. வானத்திலிருந்தே எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். எண்ணினேன், பதினோரு முறை. ஒரு தடவையாவது கீழே இறங்கி, வலையில் இருக்கிற மீனுக்கு என்ன பேர் என்று கேட்கக் கூடாதா? இப்போதெல்லாம் உயரத்திலிருந்து ஒரு காட்சி வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அப்புறம், ஒரே வீட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சண்டை போடுகிற படம். கிசுகிசுப்பாகவே முழுச் சண்டையும். ‘சாதாரண ரசிகருக்குப் புரியாது’ என்று யாரோ எழுதியிருந்தார். லைன் வீட்டில் குடியிருந்த எனக்குப் புரியாமல் அவருக்கா புரிந்துவிடும்?

நான் இப்போது வேலைக்கு நிற்கிற மருந்துக் கடை முதலாளி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பார். “ரிலீஸ் படம் பாக்கவே நேரம் இல்ல, உனக்கு அவார்டு படம் கேக்குதா?” கேட்கிறது சார். நன்றாகவே கேட்கிறது. ஆனால் எனக்கு அபிப்பிராயமே இல்லை என்று ஒரு முறை எழுதிக் கொடுத்தவள் நான். அதைச் சொல்லாமல் இந்தப் பச்சை டேக்கைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்களை வைத்தே ஒரு படம் வந்தது. தொழிற்பேட்டைப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். எடுத்தவர் மரியாதையான பையன், எல்லோரையும் அக்கா என்பார். கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால் ரயிலிலும் பிளாட்பாரத்திலும் எடுத்தார். தில்ஷாத்திடம் மட்டும் இரண்டு மணி நேரம் பேச்சு எடுத்தார். “உங்களுக்குச் சந்தோஷம் எது?” என்று கேட்டதற்கு இவள் படங்களைப் பற்றிக் கொட்டித் தீர்த்தாள். எந்தப் படத்தில் எந்த இடம் இழுவை, யார் நடிப்பு பொய், எங்கே முடித்திருக்கலாம், எல்லாம். பக்கத்தில் நின்று சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

படம் முடிந்ததும் முதலில் எங்களுக்கு அனுப்பிவைத்தார். ரயிலில் நாலு பாகமாகப் பார்த்தோம். நாற்பதாவது நிமிடத்தில் தில்ஷாத் வந்தாள். ஜன்னலோரம் அவள் முகம். உதடு அசைகிறது, பேச்சு இல்லை. மேலே சோகமாக ஒரு இசை. கீழே எழுத்து: ‘குரலற்றவர்கள்.’ அவள் இயர்போனைக் காதிலிருந்து எடுத்து, பழுதா என்று பார்த்தாள். மறுபடியும் செருகிக்கொண்டாள்.

“பேசினது எல்லாம் எங்கக்கா?”

மறுநாள் மீதி இரண்டு பாகத்தையும் பார்த்து முடித்தோம். அதற்கடுத்த நாள் காலை டேக்கோடு வந்தாள். சிவப்பு. ‘குறை: பேசின ஆளின் பேச்சு இல்லை. இடம்: நாற்பதாவது நிமிடம்.’ அவள் கையெழுத்து, டோக்கன் நம்பர். நானும் பார்த்த பீஸ்தானே. இரண்டாவது கையெழுத்தைப் போட்டேன், என் நம்பரோடு.

சென்னையில் ஒரு சின்ன ஏ.சி. ஹாலில் திரையிடல். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முடிந்ததும் நிறைய பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இயக்குநர் எங்களைக் காட்டி அறிமுகம் செய்தார். தில்ஷாத் எழுந்து நேரே போய் மைக் கம்பியில் டேக்கைக் கட்டினாள். லைனில் பீஸுக்குக் கட்டுவது போலவே இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

“கொரல் இல்லாதவங்கன்னு போட்டுக்கீறீங்களே தம்பி, ரெண்டு மணி நேரம் பேசினேனே, அது யார் கொரலு? அத்த எட்த்து படத்துல போட்ருங்க. போட்டா பச்ச குடுக்கறேன்.”

ஒருத்தர் கைதட்டினார். இயக்குநர் முகம் சிவந்தாலும் நல்ல மனிதர், டேக்கை வாய்விட்டுப் படித்தார். போட்டோ எடுத்து, தனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் என்று அன்றைக்கே இணையத்தில் போட்டார். கம்பெனி பேர், எங்கள் கையெழுத்து, டோக்கன் நம்பர், எல்லாம் பளிச்சென்று. மறைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் பேரில்லாமல் ஒரு சீட்டு எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நம்பர் போடாமல் டேக் கட்ட எங்கள் கைக்குத் தெரியாது.

நாலாவது நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் அந்தப் போட்டோவின் பிரிண்ட், பின்னால் மேனேஜர்.

“ஏம்மா, கம்பெனி பேர் போட்ட அட்டையில படத்துக்கு மார்க் போடச் சொல்லி யார் சொன்னது?”

“அது ஸ்கிராப்ல போட்டது சார்,” என்றாள் தில்ஷாத்.

“டோக்கன் நம்பர்? அதுவும் ஸ்கிராப்பா?”

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். டைப் செய்த ஒரு தாளை நீட்டினார். ‘தவறுதலாகக் கையெழுத்திட்டுவிட்டோம். திரைப்படங்களைப் பற்றி எங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.’ கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். இருவருமே கான்ட்ராக்டில் இருந்தவர்கள். போடாவிட்டால் நாளையிலிருந்து கேட்டில் நிறுத்திவிடுவார்கள் என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“தப்பா டேக் போட்டேன்னு எழுதச் சொல்றீங்களா சார்? பீஸ முழுசாப் பாத்துட்டுதான் போட்டேன். இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு உங்க பீஸுக்குப் போடற கையெழுத்த யாரு நம்புவாங்க? நான் போட மாட்டேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பயம்தான். வேறு சாக்குச் சொல்ல விரும்பவில்லை. குறை கண்ணுக்கு முன்னால் தெரிய, பச்சை போட்டு அனுப்பிய ஒரே பீஸ் அந்தத் தாள். பக்கத்திலிருந்த இரண்டாவது இடம் காலியாகவே இருந்தது. மறுநாள் பொன்னேரியில் ரயில் நின்றபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வாரம் கழித்து வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “பாக்கி சம்பளம் வாங்க வந்துச்சும்மா அந்தப் பொண்ணு, இத உன்கைல குடுக்கச் சொல்லிச்சு,” என்று ஒரு பச்சை டேக்கை நீட்டினார். நாங்கள் மூன்று பாகம் பார்த்து, நாலாவது பார்க்காமல் நின்றுபோன ஒரு படத்துக்கானது. அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளை வைத்துக்கொண்டு, ஒருத்தி காலை ஷிப்டுக்கும் இன்னொருத்தி மாலை ஷிப்டுக்கும் போகிற கதை. சைக்கிளைக் கைமாற்றும்போது மட்டும்தான் இருவரும் சந்திப்பார்கள். டேக்கில் அவள் எழுத்து: ‘குறை இல்லை. கடைசி பாகம் தனியாப் பாத்துட்டேன்க்கா. நீயும் பாத்துட்டுப் போடு.’ முதல் கையெழுத்து இருந்தது. டோக்கன் நம்பரும் இருந்தது, அது செல்லாத நம்பராகிவிட்டிருந்தாலும்.

நான் பார்க்கவில்லை. வெட்கம். இரண்டு மாதம் கழித்துத்தான் தைரியம் வந்து போன் செய்தேன், நம்பர் உபயோகத்தில் இல்லை. பழவேற்காட்டுக்கு ஒரு முறை போனேன். கடை கைமாறியிருந்தது. குடும்பத்தோடு சூளூர்பேட்டை பக்கம் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்துவிட்டு, அந்தப் படத்தைத் தேடி எடுத்து நாலாவது பாகத்தைப் பார்த்தேன். தங்கை, வழக்கமான முனையில் சைக்கிளோடு நிற்கிறாள். அக்கா வரவில்லை. ஷிப்டு சங்கு ஊதி ஓய்கிறது, அப்போதும் வரவில்லை. தங்கை சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு உட்காரலாம். போடவில்லை. யாரோ இப்போது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பது போல ஹேண்டில் பாரைப் பிடித்தபடியே நிற்கிறாள். படம் அங்கேயே முடிகிறது. நான் அழுதேன். எனக்குப் பிடித்த மாதிரி, வயலின் எதுவும் இல்லை.

எனக்கு அபிப்பிராயம் உண்டு. அன்றைக்கும் இருந்தது. அந்தத் தாளில் இருந்தது பொய். ஆபீஸில் யாராவது இன்னும் அதைக் கோப்பில் வைத்திருந்தால், அதற்குச் சிவப்பு டேக் கட்டுங்கள், கையெழுத்து என்னுடையது.

இப்போது எங்கள் லைனில் பீஸைக் கேமரா பார்க்கிறதாம். திரையில் பச்சை எரிகிறது, சிவப்பு எரிகிறது, யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ரயிலில் எல்லோர் காதிலும் வயர் இல்லாத சின்னச் சின்னக் குமிழ்கள், ஆளுக்கு இரண்டு. பக்கத்து ஆளுக்கு ஒன்றைக் கொடுப்பவர்களை நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, பத்து வருடம் கழித்து, பச்சை டேக்கில் பேனா சரியாக எழுதவில்லை, எண்ணெய் ஊறியிருந்தது. அழுத்தி என் கையெழுத்தைப் போட்டேன், பழைய டோக்கன் நம்பரோடு. இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டது, இனி அந்த டேக் செல்லும். வாங்கிக்கொள்ளத்தான் பொன்னேரியில் யாரும் ஏறுவதில்லை.